தேய்ந்த டயர் யார் தலையில்?

(சங்கத்தின் மாதாந்தரப் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ரேஷன் கார்டு, வீட்டு வாடகை, கூலி பாக்கி பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றுக்கும் வருவோம். அதற்கு முன் ஒரு சாதாரணப் பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்தப் பொருள் நம்மில் பலருக்குத் தலைக்கு மேலேயே இருக்கிறது. தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்கக் கூரைமேல் போட்டு வைத்திருக்கிறோமே, அந்தப் பழைய டயரைத்தான் சொல்கிறோம்.

"டயருக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. போன மழைக்காலத்தில் நமது குடியிருப்பு ஒன்றில் அடுத்தடுத்து ஆறு வீடுகளில் காய்ச்சல் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தையின் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துபோய், தாயும் தகப்பனும் எட்டு நாள் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார்கள். சுகாதார ஊழியர்கள் வந்தார்கள். ஏணி வைத்துக் கூரையில் ஏறினார்கள். டயருக்குள் தேங்கிய தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு நம் கண் முன்னே காட்டினார்கள். புழுக்கள் துள்ளின. "இதை வைத்திருந்தால் அபராதம்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

நமக்குக் கோபம் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "கொசுவுக்குப் பயந்து டயரை இறக்கினா, காத்துக்குக் கூரை பறந்துருமே அண்ணாச்சி, அப்ப என்ன செய்ய?" அன்றைக்கு அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. பதில் தேடிப் புறப்பட்டோம். தேடியதில் கிடைத்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். டயரின் கதை தொடங்குவதும் நம் கையில்தான், முடிவதும் நம் கையில்தான். நடுவில் வருகிற லாபம் மட்டும் வேறு கைகளுக்குப் போகிறது.

இந்தியாவில் வியாபாரத்துக்காக முதல் ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது 1902இல், இதே கேரளத்தில், தட்டேக்காட்டில். மலாயாவின் ரப்பர்க் காடுகளை வெட்டித் திருத்திப் பால் எடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். இலங்கையிலிருந்து 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக, 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்டக் கழகம் அமைக்கப்பட்டது. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அந்தக் குடும்பங்கள் விடியுமுன் கத்தியும் விளக்குமாகப் போய்ப் பால் வெட்டியிருக்கின்றன. நம் சங்கத்திலேயே அவர்களின் உறவினர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பால்தான் ஷீட்டாகி, ஆலைக்குப் போய், டயராகி, லாரியிலும் பஸ்ஸிலும் ஓடித் தேய்ந்து, கடைசியில் பஞ்சர் கடை வாசலுக்கு வருகிறது. அங்கிருந்து அதை எடுப்பவர் யார்? தள்ளுவண்டியோடு தெருத் தெருவாகப் போகும் நம் ஆட்கள். நம் ஊரில் காயலான் கடை என்போம், இங்கே ஆக்ரிக் கடை என்கிறார்கள். கரமனையிலும் சாலைக் கடைவீதியைச் சுற்றியும் அந்தத் தொழிலில் இருக்கும் தமிழர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, இந்தப் பொருள் ஏன் இவ்வளவு தொல்லை கொடுக்கிறது?

1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டுபிடித்தார். கந்தகம் ரப்பரின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டு விடுகிறது. அந்தக் கட்டுதான் டயரின் பலம். அதுவே அதன் தொல்லையும்கூட. தாய்மார்களுக்குப் புரியும்படி சொன்னால், பச்சை ரப்பர் மாவு, டயர் வெந்த இட்லி. வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியுமா? முடியாது. உதிர்த்து உப்புமா செய்யலாம், அவ்வளவுதான். கண்ணாடியையும் இரும்பையும் போல டயரை உருக்கிப் புதிய டயர் வார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். இதோடு கரித்தூள், எஃகுக் கம்பி, நைலான், துத்தநாகம் எல்லாம் கலந்திருக்கின்றன. மண்ணில் போட்டால் மக்காது. குவித்து வைத்தால் தண்ணீர் தேங்கும், பாம்பும் எலியும் குடியேறும்.

இந்தியாவில் இன்று ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல் டயர்கள் தயாராகின்றன. தயாராகும் ஒவ்வொன்றும் ஒரு நாள் தேயும். தேய்ந்தது எங்கே போவது?

பணக்கார நாடுகளும் இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்லியிருக்கின்றன. 1972இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் சுமார் 20 லட்சம் டயர்களைக் கட்டுக் கட்டாகக் கடலில் இறக்கினார்கள். அதன்மேல் பவளம் வளரும், மீன் பெருகும் என்றார்கள். பவளம் வளரவில்லை. கட்டுகள் அறுந்து, டயர்கள் அலையில் உருண்டு, பக்கத்தில் உயிரோடு இருந்த இயற்கைப் பவளப் பாறையையே இடித்தன. ராணுவ முக்குளிப்பவர்களை விட்டு அவற்றை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

1983இல் வர்ஜீனியா மாநிலத்தில் 70 லட்சம் டயர் கிடந்த ஒரு கிடங்கு தீப்பற்றி ஒன்பது மாதம் எரிந்தது. 1990இல் கனடாவில் ஹேகர்ஸ்வில் என்ற சிற்றூரில் 1 கோடியே 40 லட்சம் டயர் குவியல் 17 நாள் எரிந்தது. சுமார் 4,000 பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். குவைத்தில், நம் பிள்ளைகள் பலர் உழைக்கும் அந்த மண்ணில், பாலைவனத்தில் 4 கோடிக்கு மேல் டயர்கள் மலைபோல் கிடந்தன. 2021இல்தான் அவற்றை அகற்றி மறுசுழற்சிக்குக் கொண்டுபோகும் வேலை முடிவுக்கு வந்தது.

டயர் தீ எளிதில் அணையாது. வளையத்துக்குள் காற்று இருக்கிறது, எரியும்போது எண்ணெய் வடிகிறது, அந்த எண்ணெயும் எரிகிறது. எரிசக்தியில் நல்ல நிலக்கரிக்குக் குறையாத பொருள் இது. வரும் புகையில் கந்தக டை ஆக்சைடும், கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் இருக்கின்றன.

கொசுவின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியாவின் புலிக்கொசு குடியேறியிருப்பது தெரிந்தது. அது கப்பலில் போன பழைய டயருக்குள் முட்டையாகப் போய்ச் சேர்ந்தது. இந்த ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது. மழை பெய்து தண்ணீர் பட்டால் பொரியும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். பகலில் கடிக்கும். கேரளத்தில் 2017இல் ஏறத்தாழ 20,000 பேருக்கு டெங்கு உறுதியானது. மாவட்டங்களில் அதிகம் பாதிக்கப்பட்டது திருவனந்தபுரம். 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜீகா நோயும் இதே மாவட்டத்தில்தான் உறுதியானது.

ஆகவே சுகாதார ஊழியர் சொன்னது பொய்யல்ல, தோழர்களே. அவர்கள் நம் எதிரிகளும் அல்லர், நம்மைப் போலச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள். ஆனால் அவர்கள் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, இந்த டயருக்குப் பொறுப்பு யார் என்பது.

அதற்கு வருமுன், தேய்ந்த டயரை என்ன செய்யலாம் என்று ஆராய்ச்சி சொல்கிறது என்பதைப் பார்ப்போம். இதில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசைதான் முக்கியம்.

முதலாவது, ஆயுளை நீட்டுவது. நாம் ரீபட்டன் என்கிறோமே, அந்த ரீட்ரேடிங். டயரின் உடம்பு நன்றாக இருக்கும்போது மேலே தேய்ந்த பட்டையை மட்டும் உரசி எடுத்துவிட்டுப் புதுப் பட்டை ஒட்டி வேகவைப்பது. புதிய டயருக்கு ஆகும் ரப்பரில் சிறு பங்கே இதற்குப் போதும். சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு சிறு பட்டறை, 1952இல் இந்த ரீட்ரேடிங் ரப்பரில் இறங்கித்தான் பிறகு எம்.ஆர்.எஃப். என்ற பெரிய டயர் கம்பெனி ஆனது. கோயம்புத்தூரிலும் கோட்டயத்திலும் இது பெரிய தொழில். ஆட்கள் கைவேலை கற்று நிலைத்து நிற்கக்கூடிய தொழிலும் இதுதான்.

இரண்டாவது, டயரை அரைத்துத் தூளாக்குவது. கம்பியையும் நூலையும் பிரித்துவிட்டு வரும் ரப்பர் தூளைத் தரைவிரிப்புக்கும் பாய்க்கும் போடலாம். சூடான தாரில் கலந்து ரோடு போடலாம். அப்படிப்பட்ட தாருக்கு இந்தியத் தரநிலையே இருக்கிறது. தூளை எண்ணெயோடு சேர்த்து அழுத்தத்தில் வேகவைத்து 'ரீகிளெய்ம்' ரப்பர் எடுத்துப் புது ரப்பரோடு ஓரளவு கலக்கலாம். நாம் சொன்ன உப்புமா இதுதான்.

மூன்றாவது, கந்தகக் கட்டை அவிழ்ப்பது. இட்லியை மாவாக்கும் முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990களில் பி.சி. சேகர் என்ற மலேசிய விஞ்ஞானி, ரஷ்ய விஞ்ஞானி ஒருவரோடு சேர்ந்து 'டி-லிங்க்' என்ற முறையைக் கொண்டுவந்தார். சேகர் கேரள வம்சாவளியினர், 1966இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் ஆசிய இயக்குநரானவர். வேதிப்பொருள் சேர்த்து மில்லில் அரைத்துக் கட்டை அவிழ்க்கும் முறை அது. இப்படிப்பட்ட ஆராய்ச்சி உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் பச்சை ரப்பரின் முழு பலம் திரும்பி வருவதில்லை.

நான்காவதும் கடைசியும், பைராலிசிஸ். காற்று புகாத கலத்தில் டயரை வாட்டி எண்ணெயும் கரித்தூளும் கம்பியும் எடுப்பது. நல்ல இயந்திரத்தில், புகையும் தூளும் வெளியே வராமல் செய்தால் அது ஒரு தொழில். தகரக் கொட்டகையில் செய்தால் அது ஒரு நோய். சூடு ஆறாத கலத்தைத் திறந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு கரித்தூளை வாருபவர் யார்? நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்தான். 2019இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைத்த கணக்கைக் கேளுங்கள். 19 மாநிலங்களில் 637 பைராலிசிஸ் ஆலைகள். விதிப்படி நடந்தவை 251. விதியை மீறியவை 270. மூடிக் கிடந்தவை 116. விதிப்படி நடந்ததைவிட மீறியது அதிகம்!

நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "டயர் ஆலையில் நல்ல கூலி" என்று தரகர் யாராவது கூப்பிட்டால், எந்த வகை ஆலை என்று கேளுங்கள். வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் சங்கத்துக்கு வாருங்கள், நாங்கள் கேட்கிறோம்.

இப்போது பொறுப்புக்கு வருவோம். 2022 ஜூலை 21ஆம் தேதி மத்திய அரசாங்கம் ஒரு விதி வெளியிட்டது. தேய்ந்த டயருக்கு அதைச் செய்து விற்றவரும் இறக்குமதி செய்தவருமே பொறுப்பு என்பது அதன் சாரம். 2020-21இல் செய்த டயரின் அளவில் 35 சதவீதத்துக்கு 2022-23இல் பொறுப்பேற்க வேண்டும். அடுத்த ஆண்டு 70 சதவீதம். 2024-25 முதல் 100 சதவீதம். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள் எவ்வளவு டயரைப் பயனுள்ள பொருளாக்கின என்பதற்குச் சான்றிதழ் கிடைக்கும். கம்பெனிகள் அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கித் தங்கள் கணக்கை நேர் செய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கட்ட வேண்டும். ரீட்ரேட் ஆன டயரின் அளவுக்குப் பொறுப்பு ஓராண்டு தள்ளிப்போகும். பைராலிசிஸ் எண்ணெய் எடுப்பதற்கென்று வெளிநாட்டுப் பழைய டயரை இறக்குமதி செய்யக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது.

நல்ல விதிதான். நாம் வரவேற்கிறோம். ஆனால் கூர்ந்து பாருங்கள். பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? டயர் கம்பெனியிடமிருந்து மறுசுழற்சி ஆலைக்கு. ஆலைக்கு அந்த டயர் எப்படி வந்தது? பஞ்சர் கடையில் எடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, எடைக்குப் போட்ட நம் ஆள் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் இருக்கிறார்? எந்தப் பத்தியிலும் இல்லை. அவருக்கு அன்றைய எடைக்கூலிதான். கம்பெனிக்கு நூறு சதவீதக் கணக்கு, கூரைமேல் டயர் வைத்த ஏழைக்கு அபராத எச்சரிக்கை. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

கணக்கில் வராதவனின் கதி என்ன என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒரு கூலித் தொழிலாளி மழைவெள்ளத்தில் மாண்டார். அவர் உடலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குப்பை யாருடைய பொறுப்பு என்று வாக்குவாதம் நடந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு அது தலைகுனிவு. குப்பைக்குச் சொந்தக்காரன் இல்லாதபோது அதைச் சுமப்பவன் தொழிலாளிதான்.

எனவே சங்கம் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்க இருக்கிறது. ஒன்று, பழைய டயர் சேகரிப்போருக்கு மாநகராட்சி அடையாள அட்டை கொடுத்து, பதிவு பெற்ற ஆலைகளோடு நேரே இணைக்க வேண்டும், சான்றிதழ்ப் பணத்தில் ஒரு பங்கு சேகரிப்புக் கூலியாக அவர்களுக்கு வர வேண்டும். இரண்டு, மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு வார்டிலும் டயர் சேகரிக்கும் நாள் அறிவித்து, கொண்டு வைக்கக் கூரையுள்ள இடம் ஒதுக்க வேண்டும். கூரையில் வைத்திருப்பவருக்கு அபராதம் போடுவதற்கு முன் மாற்று ஏற்பாடு கொடுக்க வேண்டும். மூன்று, ஆராய்ச்சி நம் வாசலுக்கு வர வேண்டும். பாப்பனங்கோட்டில் 1975 முதல் மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. சாலைகளை ஆராயும் நாட்பாக் 1976 முதல் இதே ஊரில் இருக்கிறது. கோட்டயத்தில் 1955 முதல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டயரைக் கையால் தொடுகிறவனுக்கு அதை எப்படிப் பத்திரமாக வெட்டுவது, எப்படி அடுக்குவது, எந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது என்று மலையாளத்திலும் தமிழிலும் இரண்டு பக்கத் துண்டறிக்கை போடச் சொல்லிக் கேட்போம். ரப்பர் தூள் கலந்த தாரை நம் குடியிருப்புப் பாதைகளில் போட்டுப் பார்க்கவும் கேட்போம்.

பிறரிடம் கேட்பது மட்டும் போதாது. நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மழையில் விறகு பிடிக்கவில்லை என்று அடுப்பில் டயர்த் துண்டு வைக்கிறோமா இல்லையா? கம்பி எடுப்பதற்காகக் கரமனையாற்றங்கரையில் டயரைக் கொளுத்துகிறோமா இல்லையா? போகிக்கு ஊரில் டயர் கொளுத்துவது பழக்கம். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போயின.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். மறியல் என்றால் நடுரோட்டில் டயர் கொளுத்துவது என்று நாமும் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். கொளுத்தியும் இருக்கிறோம். அந்தப் புகை மந்திரி வீட்டுக்குள் போகவில்லை, தோழர்களே. பக்கத்துக் குடிசையில் தொட்டிலில் கிடந்த நம் பிள்ளையின் மூக்குக்குள்தான் போனது. இனி இந்தச் சங்கத்தின் எந்தப் போராட்டத்திலும் டயர் எரியாது. இதைச் செயற்குழு தீர்மானமாகவே எழுதியிருக்கிறது.

கடைசியாக, அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதில். கூரைமேல் இருக்கும் டயரை இறக்குங்கள். அதற்குப் பதில் மணல் நிரப்பிய சாக்கு மூட்டைகளை வையுங்கள், அல்லது கயிற்றில் இரு பக்கமும் கல் கட்டித் தொங்கவிடுங்கள். டயர்தான் வேண்டும் என்றால் அதன் உள்பள்ளம் முழுக்க மணல் நிரப்புங்கள். சிறிய ஸ்கூட்டர் டயரானால் கீழ்ப்பக்கத்தில் நான்கைந்து ஓட்டை போட்டால் தண்ணீர் நிற்காது. பஞ்சர் கடைக்காரர்கள் டயரைக் கூரைக்கு அடியில் அடுக்க வேண்டும், இடமில்லாவிட்டால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, தேங்கிய தண்ணீரையெல்லாம் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமே கொட்டினால் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹரித கர்ம சேனைப் பெண்கள் வரும்போது டயர் எடுக்கும் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நூறு மூட்டைக்கான சாக்கைச் சங்கமே வாங்கித் தருகிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இளைஞர் அணி ஏணியோடு வரும். எந்தெந்த வீட்டுக் கூரையில் டயர் இருக்கிறது என்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். இறக்கிய டயர்களை எண்ணி, எடை போட்டு, அந்தக் கணக்கோடுதான் மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறோம். நம்மை எந்தக் கணக்கிலும் சேர்க்காதவர்களிடம் நாம் கணக்கோடு போவோம்.

ஒன்றுபடுவோம், உரிமை கேட்போம்.